விண்மீன் திரளும் கரும்பொருளும்

இரவு வானில் மங்கிய வெண்பட்டையாகத் தோன்றும் பால்வழி, பல்லாயிரம் கோடி விண்மீன்கள் கூடிய ஒரு திரளாகும். அதன் ஒளிமிக்க வட்டத்தட்டு ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு அகலமுடையது. எனினும், அத்திரளின் நிறையில் பெரும்பங்கு விண்மீன்களில் இல்லை. ஒளியை உமிழாத, தடுக்காத கரும்பொருளில் உள்ளது. அது வட்டத்தட்டைச் சூழ்ந்து, அதனினும் பன்மடங்கு தொலைவுக்கு ஓர் உறைபோலப் பரந்து கிடக்கிறது. இவ்வுறையும் திரளும் சேர்ந்தே வளர்ந்தன.

சுழற்சி தந்த சான்று

1933ஆம் ஆண்டில் பிரிட்ஸ் சுவிக்கி, கோமா என்னும் திரள்கூட்டத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள விண்மீன் திரள்கள் மிகுந்த வேகத்துடன் இயங்கின. கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்பு மட்டுமே இருந்திருப்பின், அவை என்றோ சிதறிப்போயிருக்கும். 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா திரளின் சுழற்சியை அளந்து வெளியிட்டனர். கதிரவனுக்குத் தொலைவிலுள்ள கோள்கள் மெதுவாகச் சுற்றுவதுபோல், திரளின் விளிம்பிலும் வேகம் குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாறு குறையவில்லை. புலனாகாத ஒன்று விளிம்பையும் ஈர்த்துப் பிடித்திருக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் வலியுறுத்தின.

உறையில் பிறந்த திரள்

பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். தொடக்கத்தில் பொருள் எங்கும் ஏறக்குறையச் சீராகப் பரவியிருந்தது. சற்றே அடர்ந்த இடங்களில் கரும்பொருள் தன் ஈர்ப்பால் குவிய, உறைகள் உருவாயின. ஹைட்ரஜனும் ஹீலியமும் அவற்றுள் விழுந்தன. அவ்வளிமங்கள் வெப்பத்தைக் கதிர்களாக வெளியிட்டுக் குளிர்ந்து, நடுவில் செறிந்து, விண்மீன்களாயின. கரும்பொருளுக்கு அவ்வாறு குளிரும் இயல்பில்லை. ஆகவே அது பரந்தே நின்றது. சிறிய உறைகள் இணைந்து பெரியனவாகியபோது, அவற்றுள் இருந்த திரள்களும் ஒன்றுகலந்தன. 1994இல் கண்டறியப்பட்ட தனுசு குறுந்திரள், பால்வழியின் ஈர்ப்பால் சிதைந்து இன்றும் அதனுடன் கலந்து வருகிறது.

அளவும் பயனும்

உறை பெருத்தால் விண்மீன்களும் அதே விகிதத்தில் பெருகும் எனக் கருதுதல் தவறு. சிறிய உறையின் ஈர்ப்பு வலிமை குன்றியது. விண்மீன்கள் வெடிக்கும்போது வளிமம் வெளியே தள்ளப்படுகிறது. மிகப் பெரிய உறையிலோ, நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றி எழும் ஆற்றல் வளிமத்தைக் குளிரவிடுவதில்லை. பால்வழியை ஒத்த இடைப்பட்ட உறைகளே விண்மீன்களை உருவாக்குவதில் திறன் மிக்கவை. திரளும் உறையை மாற்றவல்லது: குறுந்திரள்களில் அடுத்தடுத்து நிகழும் வெடிப்புகள் நடுப்பகுதிக் கரும்பொருளின் செறிவைத் தளர்த்தக்கூடும் எனக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன.

வளிமம் வற்றினால்

மகாராஷ்டிர மாநிலம் நாராயண்காவ் அருகே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட வானொலித் தொலைநோக்கி அமைந்துள்ளது. அதன் துணையுடன் இந்திய அறிவியலாளர்கள், ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த திரள்களின் ஹைட்ரஜனை அளந்து 2020இல் வெளியிட்டனர். அன்றைய வேகத்தில் விண்மீன்கள் பிறந்தால், அவ்வளிமம் 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கே போதுமானது எனத் தெரிந்தது. வெளியிலிருந்து புதிய வளிமம் வந்து சேராவிடில் விண்மீன் பிறப்பு குன்றிவிடும்.

கதிரவன் பிறந்ததோ ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்குரிய வளிமம் அதுவரையில் பால்வழியில் எஞ்சியிருந்தது. அதனை ஈர்த்துக் காத்ததில், கண்ணுக்குப் புலனாகாத அவ்வுறைக்கே பெரும்பங்கு உண்டு.