கோள உடுக்கொத்தில் மங்கலான எக்ஸ் கதிர் முதல்களை இனங்காணல்

மே மாதத்தில் முகிலற்ற ஓர் இரவில், பத்து மணியளவில் பொத்துவில் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள். அடிவானிலிருந்து ஏறத்தாழ 35 பாகை உயரத்தில் புகை படிந்த ஓர் உடுப்போலத் தெரிவது ஒமேகா சென்ரோரி எனும் கோள உடுக்கொத்தாகும். பல இலட்சம் உடுக்கள் ஈர்ப்பினாற் பிணைந்து கோளமாகத் திரண்டிருப்பதே கோள உடுக்கொத்து எனப்படும். இங்கு நாம் ஆராய்வது அதே வகையைச் சேர்ந்த 47 துகானே. அதுவும் எமது வானில் உதிக்கும். ஆயினும் 11 பாகைக்கு மேல் எழாது. முன்னிரவில் தெரியும் நவம்பரிலோ எமக்கு மாரி மழை! அதன் தூரம் ஏறத்தாழ 15,000 ஒளியாண்டுகள்.

விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் புவியின் வளிமண்டலம் உறிஞ்சிவிடும். எக்ஸ் கதிர் எதனையும் ஊடுருவும் என எழுதுவது தவறு. பல கிலோமீற்றர் தடிப்பான வளியை அதனால் கடக்க முடியாது. எனவே எக்ஸ் கதிர்த் தொலைகாட்டிகள் செய்மதிகளிலேயே பொருத்தப்படுகின்றன.

உடுக்கொத்துகளில் உள்ள மங்கலான முதல்கள், பிரகாசமானவற்றிலும் ஆயிரம் மடங்கு தொடக்கம் பத்து இலட்சம் மடங்கு வரை வலுக் குறைந்தவை. 1990களில் ரோசாற் செய்மதி 47 துகானேயின் மையத்தில் ஐந்து முதல்களையே பிரித்தறிந்தது. உடுக்கள் அங்கு அவ்வளவு நெருக்கம். 1999 யூலையில் ஏவப்பட்ட சந்திரா தொலைகாட்டியோ ஒரு பாகையின் 7,200 இல் ஒரு பங்களவு நுண்மையாகப் பார்க்கவல்லது. (1910 இல் லாகூரில் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்து, 1983 இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரே அதற்கு இடப்பட்டது.) 2000 மார்ச்சில் ஏறத்தாழ 20 மணித்தியாலம் நோக்கியதும் மையப் பகுதியில் 108 முதல்கள் வெளிப்பட்டன. 2002 இல் மேலும் நீண்ட நேரம் நோக்கியபோது தொகை 300 ஆயிற்று.

ஆனால் ஒரு புள்ளி தெரிந்தால் மட்டும் போதுமா? அது எந்த உடு? இதுவே கடினமான வேலை. சந்திராவின் படத்தை ஹபிள் தொலைகாட்டியின் படத்தின் மீது பொருத்த வேண்டும். இரண்டும் காட்டும் நிலைகளில் சிறு வழு இருக்கும். எனவே முன்பே அறியப்பட்ட சில பொருள்களை இரு படங்களிலும் ஒன்றுபடுத்தி, அதற்கேற்ப ஏனையவற்றை நகர்த்துவர். பின்பு ஒவ்வொரு எக்ஸ் கதிர்ப் புள்ளியைச் சுற்றியும் ஒரு சிறு வட்டம் வரைந்து, அதனுள் அகப்படும் உடுக்களைச் சோதிப்பர்.

அங்கே நீல நிறமும் மாறும் பிரகாசமும் ஐதரசனின் சிவப்பொளியும் கொண்ட உடு இருப்பின், அது துணை உடுவின் வாயுவை இழுத்தெடுக்கும் வெண்குறளி எனக் கொள்ளலாம். விழும் வாயு பல மில்லியன் கெல்வினுக்குச் சூடாவதாலேயே எக்ஸ் கதிர் பிறக்கிறது. சாதாரண உடுக்கள் இரண்டு ஒன்றையொன்று நெருங்கி வேகமாகச் சுழன்றாலும், அவற்றின் காந்தப்புலம் வலுத்து மங்கலான எக்ஸ் கதிர் தோன்றும். சக்தி குறைந்த கதிர்களே மிகுதியாகவும், முதல் ஓரளவு பிரகாசமாகவும் இருந்தால் அது அமைதி நிலையிலுள்ள நியூத்திரன் உடுவாக இருக்கலாம். வட்டத்தினுள் எந்த உடுவும் தெரியாவிடின்? அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைகாட்டி அதே இடத்தில் துடிப்பைப் பதிந்திருந்தால், அது செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும் துடிவிண்மீன். சில புள்ளிகள் உடுக்கொத்துக்கு உரியனவே அல்ல. வெகு தொலைவில், பின்னாலுள்ள விண்மீன் மண்டலங்கள்.

வினா: 47 துகானேயிலிருந்து இன்று எம்மை வந்தடையும் எக்ஸ் கதிர் ஏறத்தாழ எத்தனை ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது? உமது விடைக்குக் காரணம் தருக.