மின்னஞ்சலில் வீடியோ அனுப்புவது எப்படி?

சோளப் பயிரின் குருத்தில் ஓட்டைகள் தெரிகின்றன. காணியோ குத்தகைக் காணி. விதையும் பசளையும் கடனுக்கு வாங்கியவை. விவசாயப் போதனாசிரியர் வந்து பார்க்கச் சில நாட்கள் ஆகலாம். இவ்வாறான வேளையில், கைத்தொலைபேசியில் எடுத்த சிறு வீடியோ ஒன்றை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். ஆனால் பலருக்கு அது போய்ச் சேர்வதில்லை. காரணத்தை அறிந்துகொண்டால் வழியும் புலப்படும்.

ஏன் போவதில்லை?

மின்னஞ்சல் எழுத்துக்காகவே உருவானது. 1971இல் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பியதும் எழுத்தே. படத்தையும் ஒலியையும் கடிதத்துடன் இணைக்கும் பொது முறை 1992இல் வந்தது. அம்முறை வீடியோவை எழுத்துகளாக மாற்றி அனுப்புகிறது. அப்போது அதன் அளவு மூன்றில் ஒரு பங்கால் கூடுகிறது. 15 மெகாபைட் வீடியோ, வழியில் 20 மெகாபைட் ஆகிவிடும்.

ஜிமெயிலில் இணைப்புகளின் எல்லை 25 மெகாபைட். சில சேவைகளில் இதிலும் குறைவு. ஆனால் இன்றைய கைத்தொலைபேசியில் 1080 தரத்தில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ, 60 முதல் 130 மெகாபைட் வரை இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

1. கமராவின் அமைப்பில் தரத்தை 720க்குக் குறையுங்கள். 15 விநாடிக்குள் எடுங்கள். அனுப்புமுன் அளவைப் பாருங்கள். 15 மெகாபைட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் போய்ச் சேரும்.

2. தேவையானதை மட்டும் கிட்ட நின்று காட்டுங்கள். 2018இல் எமது நாட்டுச் சோளச் செய்கையைத் தாக்கிய சேனா படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். அதன் தலையில் தலைகீழான 'Y' போன்ற வெளிர் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் உண்டு. இவை தெரியாவிட்டால் வயல் முழுவதையும் காட்டியும் பயனில்லை. தெளிவான நிழற்படங்கள் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

3. பயிரின் வயது, சேதம் தொடங்கிய நாள், அடித்த மருந்து ஆகியவற்றைக் கடிதத்தில் எழுதுங்கள். வீடியோ திறக்காவிட்டாலும் எழுத்து பேசும்.

4. வீடியோ பெரிதாயின் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் தொடுப்பை மட்டும் அனுப்புங்கள். 25 மெகாபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் தானாகவே இப்படிச் செய்யும். பார்க்கும் அனுமதியைப் பெறுநரின் முகவரிக்கு மட்டும் கொடுங்கள். தொடுப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என விட்டால், அது கைமாறிச் செல்லும் இடமெல்லாம் வீடியோவும் செல்லும்.

அவதானம் தேவை

வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்பும் வீடியோவுக்கும் இது பொருந்தும். பல கைத்தொலைபேசிகள் வீடியோ எடுத்த இடத்தையும் அதற்குள் பதிந்துவிடும். கமரா அமைப்பில் இதனை நிறுத்தி வைக்கலாம். இடம்பெயர்ந்து வாழும் எமக்கு, யார் எங்கே தங்கியிருக்கிறார் என்பது சிறு விடயமன்று. அயலவரின் முகத்தைப் படம்பிடிக்குமுன் அவரிடம் கேளுங்கள். அடையாள அட்டை, காணி உறுதி என்பன பின்னணியில் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அனுப்பிய மின்னஞ்சலைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது.

வீட்டில் இளையோர் இருந்தால், ஒருமுறை உங்கள் சொந்த முகவரிக்கே அனுப்பிப் பழகுங்கள். அவசரம் வரும்போது கை தடுமாறாது.