பெயர் சூட்டும் உரிமை யாருக்கு?

ஒருவரைப் பெயரிட்டு அழைப்பது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் பிறர் இட்ட பெயர் ஒரு சமூகத்தின் உரிமைகளையே பாதிப்பதும் உண்டு. நம் நாட்டுத் தோட்டங்களில் உழைத்த மக்களின் வரலாறு இதற்குச் சான்று.

தமிழில் 'கூலி' என்றால் உழைப்புக்குப் பெறும் ஊதியம். கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் வந்த காலத்தில், துரைமாரின் பேச்சிலும் அரசாங்க ஏடுகளிலும் அச்சொல் ஊதியத்தை விட்டு ஆளைக் குறிக்கலாயிற்று. பெறும் காசே மனிதனின் பெயராயிற்று.

இப்பழியை அந்நியர்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. தமிழ் பேசும் பிறரும் இம்மக்களைத் 'தோட்டக்காட்டான்' என்றனர், 'கள்ளத்தோணி' என்றனர். முன்னது அவர்கள் வாழும் இடத்தையே இழிவாக்கிற்று. பின்னது, வேலைக்கென அழைத்துவரப்பட்டோரின் பேரப்பிள்ளைகளையும் களவாய் வந்தவராக்கிற்று. 'ஆன்' விகுதியை 'ஆர்' என்று மாற்றினால் தமிழில் மரியாதை வந்துவிடும் என்பர். 'தோட்டக்காட்டார்' என்று சொல்லிப் பாருங்கள், மரியாதை வருவதில்லை. இங்கே இழிவு விகுதியில் இல்லை, பகுதியில் இருக்கிறது.

1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே பிரித்துக் காட்டிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் இவர்களுட் பெரும்பாலோர் பிரசாவுரிமை அற்றோராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அப்போது 'நாடற்றோர்' என்று இன்னொரு பெயர் வந்து சேர்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகாண முற்பட்டது. 'இந்திய' என்னும் அடைமொழி, இவர்கள் அயலார் என்னும் எண்ணத்துக்கு நெடுங்காலம் துணைநின்றது.

இதனாலேயே 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் அச்சமூகத்தின் எழுத்தாளரிடையேயும் இளைஞரிடையேயும் வேரூன்றியது. காட்டை வெட்டிக் கழனியாக்கிய மண்ணே எங்கள் முகவரி என்பது அவர்கள் வாதம். எனினும் அச்சமூகத்தினுள்ளேயே மாற்றுக் கருத்தும் உண்டு. கொழும்பிலும் வன்னியிலும் வாழ்வோரை மலையகத்தார் என்பது பொருந்துமா என்று சிலர் வினவுவர். 'இந்திய வம்சாவளி' என்பது சட்டத்தில் இடம்பெற்ற பெயர். அதனைக் கைவிட்டால் தனித்த அடையாளம் கரைந்துவிடும் என்று வேறு சிலர் அஞ்சுவர். முன்னவரோ, மலையகம் வெறும் நிலப்பெயரன்று, ஒரு வரலாற்றின் பெயர் என்பர். 2023இல், முன்னோர் வந்திறங்கி 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடந்து சென்றனர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இரு பெயர்களையும் இணைத்தே குறித்தது.

இவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறும் உரிமை அப்பெயரைச் சுமப்போருக்கே உரியது. வெளியிலிருப்போர் செய்யத்தக்கது, அவர்கள் வேண்டும் பெயரால் அழைப்பதும், ஐயமுண்டானால் அவர்களையே கேட்பதுமாம்.

பெயர் மாறினால் லயத்தின் ஒழுகும் கூரை சீராகுமா என்று கேட்போர் உளர். சீராகாதுதான். காணியும் வீடும் நியாயமான சம்பளமும் தனியே போராடிப் பெறவேண்டியவை. ஆனால் 'கள்ளத்தோணி' என்று அழைக்கப்பட்டவருக்குக் காணி கொடுக்க எவரும் முன்வந்ததில்லை. சகமனிதன் என்று நாவு ஏற்றுக்கொண்ட பின்னரே, அவனுக்குரியதை நீதி வழங்குகின்றது.