வாயிலும் காவலும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் வெளிமதிலில் பெருவாயில்கள் நான்கு உள. கிழக்கே 217 அடி உயர்ந்து 11 நிலைகளோடு நிற்பது இராச கோபுரம். தெற்கே திருமஞ்சன கோபுரமும், மேற்கே பேய்க் கோபுரமும், வடக்கே அம்மணியம்மன் கோபுரமும் விளங்குகின்றன. வழிபட வருவோர்க்கு இவ்வாயில்கள் திறந்திருக்கும். ஆயினும் அணிகலன்கள் உள்ள அறைக்கு அவ்வழியே எவரும் நேரே சென்றுவிட இயலாது.

கணினியிலும் இவ்வேறுபாடு உண்டு. திருவண்ணாமலையிலும் ஆரணியிலும் பட்டுக்கடை நடத்தும் வணிகர் ஒருவரை எண்ணிக்கொள்க. இரு கடைகளின் வரவும் செலவும் இருப்பும் ஆரணிக் கடையிலுள்ள ஒரு கணினியில் தொகுக்கப்படுகின்றன. பிற கணினிகள் கேட்பதை எடுத்து வழங்குவதால் அதனை வழங்கி என்பர். அதனை ஆளுவதற்குரிய திரை நிருவாக முனையம் எனப்படும். விற்பனைச்சீட்டு எழுதுபவர் வழங்கியிடம் ஒரு பொருளின் விலையைக் கேட்பார்; நிருவாக முனையத்தில் அமர்ந்தவரோ கணக்கு முழுவதையும் அழிக்கவும் வல்லவர். ஆகவே அம்முனையத்தை வழங்கியோடு எவ்வழியால் இணைப்பது என்பது சிறு வினா அன்று.

வழங்கியின் அருகிலேயே கம்பியால் இணைப்பது ஒரு வழி. அச்சம் குறைவு, ஆனால் நள்ளிரவில் பழுது நேர்ந்தால் பொறுப்பாளர் ஆரணிக்கு ஓட வேண்டும். முனையத்தின் வாயிலை இணையத்தில் திறந்துவைத்துக் கடவுச்சொல்லை மட்டும் காவல் வைப்பது மற்றொரு வழி. இஃது எளிது, எளிது என்பதனாலேயே பலரும் இதில் இடறுகின்றனர். திறந்த வாயில்களைத் தேடித் தட்டும் நிரல்கள் இணையத்தில் இரவும் பகலும் உலவுகின்றன.

டெல்நெட் என்னும் பழைய முறையில் கடவுச்சொல், உறையிடாத அஞ்சலட்டை போல, எவரும் படிக்குமாறு சென்றது. 1995இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அதனைக் கண்ட தாத்து யுலோனென் என்பார் எஸ்.எஸ்.எச். என்னும் முறையை வகுத்தார். இதில் செய்தி முழுவதும் மறைமொழியாகச் செல்லும். திறவுகோலும் இரு கூறாக அமையும். ஒரு கூறு வழங்கியில் தங்கும். மற்றது பொறுப்பாளரின் கணினியை விட்டு நீங்காது. அது தன்னிடம் உண்டு என்பதற்குரிய கையொப்பமே வழங்கிக்குச் செல்லும். ஒரு முறைக்குரிய கையொப்பம் மறுமுறைக்குப் பயன்படாது. எனவே வழிமறிப்பவனுக்கு ஊதியம் இல்லை. வணிகர் கொள்ளத்தக்க வழி இதுவே. முனையத்தின் வாயில் உள்ளேயே இருக்க, வெளியே இவ்வொரு வாயில் மட்டும் திறந்திருக்கும்.

உள்ளே புகுந்தபின் அறைகளுக்கிடையே சுவர் உண்டா என்பதும் காணத்தக்கது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாக வலைப்பின்னலைச் சேர்ந்த ஒரு கணினியில் தீய நிரல் புகுந்தமையை 2019 அக்டோபரில் இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. முதன்மையான உள்வலைப்பின்னல் அதனின்றும் பிரிந்திருந்தது. நிலையத்தின் இயக்க அமைப்புகளுக்கு ஊறு நேரவில்லை என்றும் கூறிற்று. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலோ 2022 நவம்பரில் ஐந்து வழங்கிகள் தாக்குண்டன. வலைப்பின்னல் முறையாகப் பகுக்கப்படாமையே காரணம் என அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. நோயாளிகள் கையால் எழுதிய சீட்டுகளோடு பல நாள் வரிசையில் நின்றனர்.

ஆதலின் வணிகர், விற்பனைச்சீட்டு எழுதும் கணினியையும் நிருவாக முனையத்தையும் ஒரே வலைப்பின்னலில் கலத்தல் ஆகாது. திறவுகோலின் படியொன்றைப் பெட்டியில் பூட்டி வைத்தலும் வேண்டும். அது தொலைந்தால் உரியவரும் புறத்தே நிற்க நேரும். அன்று அவருக்கு உதவுவது, ஆரணியில் வழங்கியின் அருகே விட்டுவைத்த அந்தப் பழைய கம்பி இணைப்பே.