பின்பக்க ஷெட்டுக்கு வாங்க!

முன்வாசலை விடுங்கள். கலர் கொடிகள், வரிசை கட்டி நிற்கும் கார்கள், கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் ‘சிங்கிள் ஓனர்’, வந்தவருக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ். அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நமக்குக் கிடைத்திருப்பது அதைவிடப் பெரிய பாக்கியம். கோவை அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்தப் பழைய கார் யார்டின் பின்பக்கத் தகர ஷெட்டுக்குள் நுழைய அனுமதி! “ஓரமா நின்னு பாருங்க. போட்டோ மட்டும் எடுத்துராதீங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி நகர்ந்துவிட்டார். மெல்ல வாங்க, தரையெல்லாம் ஷாம்பு நுரை, வழுக்கும்.

காலை ஏழரை மணி. எஃப்.எம்.மில் பழைய பாட்டு ஓடுகிறது, ஏர் கம்ப்ரஸர் அதற்குமேல் கத்துகிறது. முந்தின ராத்திரி வாங்கிப் போட்ட வண்டியின் சீட்டுகளெல்லாம் வெளியே வந்து வெயில் காய்கின்றன. வண்டிக்குள் தலைகீழாகக் குனிந்திருக்கும் தம்பிக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் வெளியே எடுத்து வைப்பதைப் பாருங்களேன்: சில்லறை, ஹேர்பின், குழந்தையின் ஒற்றை சாக்ஸ், மருதமலை விபூதிப் பொட்டலம், கல்லாகிப்போன ஒரு முறுக்கு. “ஒருக்கா தங்கக் கம்மல் கெடச்சுதுங்க்கா. போன் போட்டதும் அந்தம்மா ஓடி வந்துட்டாங்க. அந்தக் கம்மலக் காணோம்னு மாமியார்கூட ரெண்டு வருசமாப் பேச்சே இல்லியாமா!”

வண்டியை விற்கிறவர்கள் எதை விட்டுவிட்டுப் போனாலும் டாஷ்போர்டுப் பிள்ளையாரை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர் வீற்றிருந்த இடத்தில் ஒரு கோந்து வட்டம். தம்பி விரலில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தேய்க்கிறான். கோந்து கறுப்புத் திரியாகச் சுருண்டு வருகிறது. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்துவிட்டதால் பிள்ளையார் இடம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அதற்கும் அவனிடம் பதில் உண்டு. “அடுத்த ஓனரும் அங்கயேதான் சாமி வெப்பாங்க. சரியாயிரும்.”

அடுத்த வண்டியின் பானெட் திறந்திருக்கிறது. இன்ஜினுக்குக் குளியல், பிறகு பளபளப்புக்கு ஒரு ஸ்ப்ரே. டயருக்குக் கறுப்புப் பூச்சு. தேய்ந்த ஸ்டியரிங்குக்குப் புதுக் கவர், நைந்த சீட்டுக்குப் புது உறை. எல்லாம் ஒரு மணி நேரத்தில். “இது ஏமாத்து இல்லீங்களா?” என்று கேட்டே விட்டேன். வாட்டர் கன்னைப் பிடித்திருந்தவர் சிரித்தார்: “பொண்ணு பாக்க வாராங்கன்னா பவுடர் போடுறதில்லீங்களா?” பவுடர் சரி. கழுவின இன்ஜினில் ஆயில் கசிவு தெரியாதே என்று இழுத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “எங்க மச்சானுக்கு வண்டி பாக்கப் போனா, நான் தூசி படிஞ்ச இன்ஜினத்தாங்க தேடுவேன்.” இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் செருப்பு நனைய நின்றது தகும்.

இப்போது முன்பக்கம் எட்டிப் பார்க்கலாம், ஆள் வந்தாயிற்று. அரசுப் பள்ளி டீச்சர் ஒருவர், கூடவே அவர் தம்பி. இருவருக்கும் பின்னால் கைகட்டிக்கொண்டு ஒரு மெக்கானிக். அந்த மேஸ்திரியைப் பார்த்ததும் விற்பனைப் பையனின் முகம் கொஞ்சம் சுருங்கியதைக் கவனித்தீர்களா?

டீச்சரின் கண் நேராக ஒரு சிவப்பு வண்டியில் போய் நின்றது. “டாக்டர் ஓட்டுனதுங்க டீச்சர். கிளினிக்குக்கும் வீட்டுக்குமாத்தான் ஓடியிருக்கு. வெறும் 32 ஆயிரம் கிலோமீட்டர்” என்றான் பையன். இந்த யார்டில் நான் விசாரித்த வண்டிகளில் பாதியை டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். கோவையில் ஆஸ்பத்திரிகள் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இத்தனையா?

மேஸ்திரி பேசவில்லை. டயர் அருகே குந்தி, பக்கவாட்டில் அச்சடித்திருந்த நாலு இலக்கத்தைத் துடைத்துப் படித்தார்: 3522. அதாவது 2022-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரத்தில் தயாரான டயர். வண்டியோ 2018. நாலு டயரையும் படித்துவிட்டு எழுந்தார். “32 ஆயிரத்துக்குள்ள நாலு டயரையும் மாத்திப் போட்டுட்டாருங்களா டாக்டரு?” அடுத்து பிரேக் பெடலைக் காட்டினார். ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பையன் தலையைச் சொறிந்தான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி விசாரித்தால் பழைய சர்வீஸ்களின் கிலோமீட்டர் தெரிந்துவிடும் என்று டீச்சரின் தம்பி போனை எடுத்ததும், “வேற வண்டி பாத்துக்கலாங்க” என்று முதலாளியே ஓடி வந்தார். சிரிப்பை அடக்க நான் ஒரு தூணுக்குப் பின்னால் போக வேண்டியிருந்தது.

அடுத்தது சாம்பல் நிற வேகன் ஆர், 2019 மாடல், டி.என். 38 எண். கதவில் ஒரு கீறல், மீட்டரில் 58 ஆயிரம். மேஸ்திரி முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு இருந்தால், நாம் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் பண்ணிப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில்லென்று இருந்தது. கதவின் ரப்பர் பீடிங்கை உரித்து, உள்ளே கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா என்று விரலால் தடவினார். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். எதற்கு என்றால், தண்ணீரில் மூழ்கின வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடி நுனியில் சேற்றுக்கோடு தங்கிவிடுமாம். 2015 வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிறகு சென்னை எண் வண்டி எது வந்தாலும் இங்கே முதலில் பெல்ட்டைத்தான் இழுத்தார்கள் என்று ஷெட்டில் சொன்னார்கள். இந்த பெல்ட் சுத்தம்.

ஸ்டார்ட் பண்ணியாயிற்று. மேஸ்திரி சைலன்சர் பக்கம் போய் நின்று புகையை முகர்ந்தார். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வரவில்லை. “ஒரு ரவுண்டு போலாங்களா டீச்சர்?” அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை!

பேரம் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். யாரும் விலையை வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலாளி போனில் கால்குலேட்டரைத் திறந்து, 4,35,000 என்று அடித்து, இன்னொரு கையால் மறைத்துக் காட்டினார். டீச்சரின் தம்பி வாங்கி, அழித்து, 3,80,000 அடித்தார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அதேதான், துண்டு மட்டும் இல்லை. “இதுல எனக்குப் பத்து ரூவா நிக்காதுங்க டீச்சர். நிக்கிற லாபத்துக்கும் 18 பர்சன்ட் ஜி.எஸ்.டி. கட்டோணும்!” போன் நாலைந்து முறை கை மாறி 4,10,000-த்தில் நின்றது. டோக்கன் அட்வான்ஸ் ஐயாயிரம், கையோடு ரசீது.

பணம் கட்டும் நாள் வெள்ளிக்கிழமை. அந்தக் கூத்தைத் தவறவிடுவேனா? ஆபீஸ் அறை பத்துக்குப் பத்துதான் இருக்கும். பீரோவின் மேல் டூப்ளிகேட் சாவிகள் நிறைந்த ஹார்லிக்ஸ் பாட்டில், சுவரில் தினசரி காலண்டர், நடுவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிய கிளார்க் அம்மா. இந்த யார்டின் நிஜ முதலாளி அவர்தான் என்பது என் முடிவு. ஆர்.சி.யைப் புரட்டிய கையோடு வண்டியை அலசி முடித்தார். “பேங்க் பேரு இன்னும் ஆர்.சி.ல இருக்குது. லோன் கட்டி முடிச்சாப் போதாது. என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் இருந்தாத்தான் அந்தப் பேரு போகும்.” நல்லவேளை, பழைய ஓனர் இரண்டையும் கொடுத்து வைத்திருந்தார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் அவர் கையெழுத்து. 2023 ஏப்ரலிலிருந்து அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை விற்பனைக்கு ஒப்படைத்ததுமே படிவம் 29சி-யில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் அந்த நகலும் கோப்பில் இருந்தது.

வெளியே நம் எண்ணெய்த் தம்பி பென்சிலோடு வண்டிக்குள் கவிழ்ந்திருந்தான். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் காகிதத்தை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து உரசினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வருகின்றன. சின்ன வயதில் நாணயத்தின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்தவர்களுக்கெல்லாம் கை பரபரக்கும். எனக்கும்தான். ஒரு எழுத்து தேய்க்கக் கொடுத்தான்!

உள்ளே இன்னொரு நாடகம். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வேறொரு வண்டிக்காக மஞ்சப்பையில் மூன்று லட்சத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கிளார்க் அம்மா பையைத் தொடக்கூட இல்லை. “ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாதுங்கய்யா. வாங்குனா அம்புட்டையும் எங்களுக்கு அபராதமாப் போட்ருவாங்க. பேங்குல போட்டு அனுப்புங்க.” பெரியவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, “என்ர காசு, எனக்கே செல்லாதா கண்ணு?” என்றார். அறையே சிரித்தது, அவரும் சேர்ந்து.

டீச்சர் உஷார். கணக்கு எண் சரிதானா என்று பார்க்க முதலில் ஒரு ரூபாய் அனுப்பினார். “வந்துருச்சுங்களா?” “வந்துருச்சுங்க டீச்சர், ஒரு ரூவா. சாவி தந்தரட்டுங்களா?” என்றார் முதலாளி. அப்புறம்தான் பெரிய தொகை, ஆர்.டி.ஜி.எஸ்.ஸில். மேஸ்திரி காதில் ஓதியபடி பத்தாயிரம் மட்டும் பிடித்தம்: ஆர்.சி.யில் டீச்சர் பெயர் ஏறிய பிறகு தருவதாக எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. முதலாளி முனகினார், ஆனால் மறுக்கவில்லை.

பணம் பதினொரு மணிக்கு முன்பே வந்துவிட்டது. வண்டி நகரவில்லை. வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்! அந்த நேரம் முழுக்க டீச்சர், தம்பி, மேஸ்திரி, முதலாளி, பெரியவர் எல்லோரும் வடையும் டீயுமாக உட்கார்ந்து சொந்தக்காரர்கள் மாதிரி ஊர்க்கதை பேசினார்கள். பன்னிரண்டு தாண்டியதும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கிளார்க் அம்மா டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதினார், 12.10. அந்த நிமிஷத்துக்கு முந்தின சிக்னல் அபராதமெல்லாம் டீச்சரைச் சேராது, பிந்தினது டீச்சர் தலையில். இன்சூரன்ஸ் பேர் மாற்ற 14 நாள் என்பதையும் நினைவூட்டினார். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் டீச்சருக்கு வராது, அது அவரோடே போய்விடும்.

எலுமிச்சை நசுங்க வண்டி ஈச்சனாரிப் பிள்ளையாரைப் பார்க்கக் கிளம்பியபோது, கிளார்க் அம்மா ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்: “தம்பி! ஃபாஸ்டேக்கப் பிச்சியா?” பிய்த்திருந்தான். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். விற்று மூன்று மாதமான பிறகும் ஒரு பழைய ஓனருக்குக் கணியூர் டோலில் பணம் போய்க்கொண்டே இருந்ததாம். சண்டைக்கு வந்தவர், வண்டி இன்னும் நன்றாக ஓடுகிறதே என்ற பெருமையில் கோபத்தை மறந்து, திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.