நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

சத்துணவியல் மாணவி கற்கும் முதல் கேள்வி இது. கேட்பது சுலபம், பதிலைச் சரியாகப் படிப்பதுதான் கஷ்டம் என்பதற்குத் திருவனந்தபுரமே பாடப் புத்தகம்.

கேள்வி சாதாரணமானதுதான். "நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" எதிரே உட்கார்ந்திருப்பவர் யோசிக்கிறார். காலையில் புட்டும் பழமும். மதியம் சோறு, மீன்கறி, ஒரு தோரன். இரவு கஞ்சி. அவ்வளவுதான் என்கிறார்.

கேட்பவர் விடுவதில்லை. புட்டு எத்தனை துண்டு? சோறு இந்தக் கிண்ணத்தில் எத்தனை கிண்ணம்? தோரனில் தேங்காய் எவ்வளவு? நாலு மணிச் சாயாவோடு எதுவும் கடிக்கவில்லையா? அப்போதுதான் இரண்டு பழம்பொரி ஞாபகத்துக்கு வருகிறது. மீன் வறுத்த எண்ணெயும் அதற்குப் பின்னால் வந்து சேர்கிறது.

சத்துணவியல் படிக்க வரும் மாணவ மாணவியர் பழகும் அடிப்படைப் பயிற்சி இது. கடந்த 24 மணி நேரத்தில் வாய்க்குள் போனதையெல்லாம் கேட்டு எழுதி, சமைத்த அளவைப் பச்சைப் பொருளின் எடையாக மாற்றி, அட்டவணையைப் பார்த்துக் கலோரி, புரதம், இரும்பு என்று பிரிக்க வேண்டும். அட்டவணை தயாராகவே இருக்கிறது. 1937-ல் குன்னூர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஐக்ராய்டு வெளியிட்ட சிறு நூலில் தொடங்கிய மரபு அது. அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். அது 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. அட்டவணை பொய் சொல்லாது. அதில் போடும் பதில்தான் பொய்த்துவிடும்.

சமையல் படிப்பா?

திருவனந்தபுரத்தில் இந்தப் படிப்புக்கு முக்கியமான இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று வழுதக்காட்டில் உள்ள அரசு மகளிர் கல்லூரியின் மனையியல் துறை. மற்றது 1955-ல் தொடங்கிய வெள்ளாயணி வேளாண் கல்லூரி. அங்கே உணவு அறிவியலும் சத்துணவியலும் முதுகலை வரை கற்பிக்கப்படுகின்றன. வயலில் விளைவதும் தட்டில் விழுவதும் ஒரே வளாகத்தில் பாடமாவது இந்தப் படிப்புக்கு ஒரு அனுகூலம்.

மனையியல் என்ற பெயர் இந்தத் துறைக்கு நல்லதும் செய்திருக்கிறது, கெட்டதும் செய்திருக்கிறது. பெண்களை வெளியூர் அனுப்பிப் படிக்கவைக்கத் தயங்கிய காலத்தில், 'வீட்டுக்கு உதவும் படிப்பு' என்று சொல்லியே பலர் கல்லூரி வாசலை மிதித்தார்கள். கோவையில் 1957-ல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் நாடறிந்த நிறுவனமாக வளர்த்தது இப்படித்தான். ஆனால், 'சமையல்தானே?' என்ற இளக்காரமும் கூடவே ஒட்டிக்கொண்டது.

பாடத்திட்டத்தைப் புரட்டினால் அந்த இளக்காரம் நிற்காது. உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு வேதியியல், புள்ளியியல். அதற்கு மேல் நோய்க்கேற்ற உணவு, சமுதாயச் சத்துணவு, பெரிய சமையற்கூட நிர்வாகம், மருத்துவமனைப் பயிற்சி. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் அவர் இளைத்துவிடவும் கூடாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு விழுங்கவே முடியாது, ஆனாலும் புரதம் போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் அடுப்படி அனுபவத்தால் மட்டும் முடிகிற காரியமல்ல.

அதே சமயம், அடுப்படி தெரியாமலும் முடியாது. அதை இந்த ஊர் ஒரு கிழங்கை வைத்துக் கற்றுக்கொண்டது.

கணக்கில் வராத கிழங்கு

மற்ற ஊர்களில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு. திருவனந்தபுரத்திலும் எல்லைக்கு இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மரச்சீனி. 1956 வரை இரண்டும் ஒரே மாநிலத்தின் பகுதிகளாக இருந்தன என்பதை இந்தப் பெயர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பினார். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, வெளி அரிசியையே நம்பியிருந்த திருவிதாங்கூரில் ஏழைகளின் வயிற்றை நிரப்பியது இதுதான்.

சுதந்திரத்துக்குப் பின் நாடு முழுவதும் குடும்பங்களின் உணவைக் கணக்கெடுத்தபோது ஒரு புதிர் எழுந்தது. கேரள மக்கள் உண்ணும் கலோரி இந்தியாவிலேயே மிகக் குறைவு என்றது கணக்கு. ஆனால், குழந்தை இறப்பு குறைவாகவும் ஆயுள் அதிகமாகவும் இருந்ததும் இதே கேரளத்தில்தான். பட்டினி கிடப்பவர்கள் எப்படி நீண்ட நாள் வாழ்கிறார்கள்?

பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் 1971-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம், ஐக்கிய நாடுகள் சபைக்காக ஒரு ஆய்வை நடத்தியது. 1975-ல் அது வெளியானது. மரச்சீனியிலிருந்தும் தேங்காயிலிருந்தும் கிடைத்த சக்தி பழைய மதிப்பீடுகளில் சரியாகப் பதிவாகவில்லை என்று அது காட்டியது. மையத்தின் பி.ஜி.கே.பணிக்கர் இதை அழுத்தமாக வாதிட்டவர்களில் ஒருவர். கொல்லையில் பிடுங்கிய கிழங்குக்குக் கடை ரசீது கிடையாது. அரிசியைத்தான் சாப்பாடு என்று நினைத்துக் கேட்டால், பதிலிலும் அரிசிதான் வரும்.

புதிர் முழுவதையும் கிழங்கு அவிழ்த்துவிடவில்லை. பெண் கல்வியும் கிட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரியும் உயிர்களைக் காத்தன. கிழங்கில் குறையும் உண்டு. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 150 கலோரி கிடைக்கிறது. புரதமோ ஒரு கிராம் அளவுதான். கூடவே, சயனைடை விடுவிக்கும் ஒரு பொருளும் அதில் இருக்கிறது. வீட்டுப் பெண்கள் கிழங்கை நறுக்கி வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டியது வெறும் பழக்கமல்ல. பக்கத்தில் மீன்கறி வைத்ததும் ருசிக்காக மட்டுமல்ல. மீனின் புரதத்திலுள்ள கந்தகம், எஞ்சிய சயனைடை உடல் முறித்து வெளியேற்ற உதவுகிறது. கிழங்கு இருந்து மீன் இல்லாத வீட்டின் நிலைமை வேறு. மாணவி கவனிக்க வேண்டிய வித்தியாசம் அது.

பழி போட்ட கதை

இதே கிழங்கு குற்றவாளிக் கூண்டிலும் ஏறியது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.ஜே.கீவர்கீஸ் விசித்திரமான நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவந்தார். இளம் வயது, மெலிந்த உடல், வயிற்று வலி, கணையத்தில் கல், பிறகு நீரிழிவு. பலர் ஏழைகள், மரச்சீனி உண்பவர்கள். கிழங்கின் சயனைடுதான் காரணமாக இருக்குமோ என்று 1979-ல் அவரும் மெக்மில்லனும் எழுதிய கட்டுரை உலக அளவில் பேசப்பட்டது.

காலப்போக்கில் அந்தச் சந்தேகம் வலுவிழந்தது. மரச்சீனியே உண்ணாத இடங்களிலும் இந்த நோய் இருந்தது. அதையே முக்கிய உணவாகக் கொண்ட ஆப்பிரிக்கப் பகுதிகள் சிலவற்றில் நோய் அரிதாக இருந்தது. 2000-க்குப் பின் வந்த மரபணு ஆய்வுகள் பல நோயாளிகளிடம் பரம்பரைக் கோளாறு ஒன்றைக் கண்டன. ஏழை சாப்பிடுகிற பொருள் என்பதாலேயே அது ஏழைக்கு வந்த நோய்க்குக் காரணமாகிவிடாது. தட்டில் இருப்பதைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதுதான் நோயைத் தந்தது என்று நிரூபிப்பது வேறு வேலை. முதலாண்டுப் புள்ளியியல் வகுப்பில் கொட்டாவி விடும் மாணவிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்றைய தட்டு

இன்று கதை தலைகீழ். 2019-20 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கேரளத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 23.4 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். முந்தைய ஆய்வில் இது 19.7 சதவீதமாகத்தான் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானபோது, கேரளத்தில் நீரிழிவு 25.5 சதவீதம் என்று தெரிந்தது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அம்மாவுக்கு எடை கூடுதல், குழந்தைக்கு வளர்ச்சிக் குறைவு என்று ஒரே வீட்டில் இரண்டையும் பார்க்க நேரலாம். அப்போது அச்சடித்த டயட் தாள் எதற்கும் உதவாது.

அறிவுரை சொன்னால் போதுமா என்பதையும் இதே மாவட்டம் பரீட்சித்துப் பார்த்தது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுத மேனன் மையமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் நீரிழிவு வரும் அபாயமுள்ள 1,007 பேரைத் தேர்ந்தெடுத்தன. பாதிப் பகுதிகளில் ஓராண்டு குழுக் கூட்டங்கள். பெரும்பாலும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் கூட்டத்துக்கு வந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்றது புள்ளியியல். காய்கறி, பழம் உண்பது கூடியது, குடி குறைந்தது என்பது ஆறுதல்.

தோல்வி என்று இதை ஒதுக்குவது தவறு. பழக்கம் மாறுவதற்கும் நோய் குறைவதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து சொன்ன ஆய்வு இது. அந்தத் தூரத்தைக் கடக்கத்தான் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பெயர்ப் பலகைக்கு வந்த சட்டம்

அந்தப் படித்தவர்களுக்கு நீண்ட காலம் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆறு வாரப் பயிற்சி பெற்றவரும் ஆறு வருடம் படித்தவரும் 'டயட்டீஷியன்' என்று ஒரே மாதிரிப் பலகை மாட்டிக்கொள்ளலாம். இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்துப் பதிவு செய்தது. ஆனால் அந்தப் பதிவு விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான். 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் டயட்டீஷியனையும் சத்துணவு நிபுணரையும் தன் பட்டியலில் சேர்த்தது. 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழு இன்னொரு படி போனது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து இந்தப் பாடங்களைத் தொலைதூர, இணையவழிக் கல்வியாக நடத்தக்கூடாது என்றது.

வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிக்க நினைத்த பெண்களுக்கு இது இழப்பு. நோயாளிக்கோ லாபம். இனி சேர விரும்புகிறவர்கள் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து மயங்காமல் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினுடையது? மருத்துவமனைப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? முதுகலைக்கும் பதிவுக்கும் அந்தப் பட்டம் செல்லுமா? கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு இளங்கலை வந்திருப்பதால், மூன்றாம் ஆண்டிலேயே வெளியேறினால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

திருவனந்தபுரத்தில் படிப்பதற்கு இன்னொரு லாபமும் உண்டு. இங்குள்ள பெரிய மருத்துவமனைகளுக்குக் கன்னியாகுமரியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்ற கேள்வியை இரண்டு மொழியில் கேட்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை அதிகம், படிப்பினையும் அதிகம்.

படிப்பினை சில சமயம் மிகச் சிறியவர்களிடமிருந்து வரும். 2025 தொடக்கத்தில் கேரளத்து அங்கன்வாடிக் குழந்தை ஒன்று, உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று கேட்ட வீடியோ மாநிலமெங்கும் பரவியது. அரசு சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. உணவுப் பட்டியலைத் திருத்தியது. ஜூனில் வெளியான புதிய பட்டியலில் முட்டை பிரியாணி இருந்தது. சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டிருந்தன. குழந்தைக்குப் பிடித்ததும் கிடைத்தது, புரதமும் சேர்ந்தது.

எவ்வளவு சத்தான உணவானாலும் தட்டிலேயே மீந்துபோனால் அதன் கலோரி பூஜ்யம்தான். இது அட்டவணையின் 528 பொருள்களில் எதற்கு நேராகவும் எழுதப்பட்டிருக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.