ஏட்டில் தேயும், இசையில் தேயுமா?

ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் வாடிக்கையாளர்கள் கடன் விண்ணப்பத்துடன் இணைக்கும் விலைப்பட்டியலில் புதிய இசை மென்பொருளும் இடம்பெறுவதுண்டு. அப்படியாயின், பழைய மென்பொருள் பயனற்றதாகிவிட்டதா?

வணிகவியல் பயின்ற நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தேய்மானமே. வருமான வரிக் கணக்கில் கணினிக்கும் மென்பொருளுக்கும் ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படுகிறது. குறைந்து செல் மதிப்பு முறையில், 1,00,000 ரூபாய் மென்பொருளின் ஏட்டு மதிப்பு ஐந்தாண்டு முடிவில் 7,776 ரூபாயாகிவிடும். ஆனால், பயன் அவ்வேகத்தில் தேய்வதில்லை.

1983ஆம் ஆண்டு அறிமுகமான 'மிடி' முறையே இதற்குச் சான்று. அது ஒலியைச் சேமிப்பதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்னும் குறிப்பையே சேமிக்கிறது. 2020இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளியானபோதும், பழைய கருவிகளோடு இணங்கும் வகையிலேயே வடிவமைக்கப்பட்டது. எனவே, முப்பது ஆண்டுகளுக்கு முன் சேமித்த மிடி கோப்பை இன்றும் திறக்க இயலும்.

எல்லா மென்பொருளுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 2002இல் 'லாஜிக்' மென்பொருளை ஆப்பிள் நிறுவனம் வாங்கியபின், அதன் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்பட்டது. 2017இல் 'கேக்வாக்' மென்பொருளின் மேம்பாட்டைக் கிப்சன் நிறுவனம் கைவிட்டது. மறு ஆண்டே பேண்ட்லேப் நிறுவனம் அதனை ஏற்று, கட்டணமின்றி வழங்கியது. 2019இல் வெளியான 'கேட்டலினா' இயங்குதளத்தில், 32 பிட் மென்பொருள்கள் இயங்காமற் போயின. இவற்றில் மென்பொருள் பழுதடையவில்லை. அதனைச் சூழ்ந்த உலகமே மாறியது.

ஆகவே, நாம் காக்க வேண்டியது மென்பொருளை அன்று. அதனுள் இருக்கும் பாடல்களை. ஒரு மென்பொருள் மட்டுமே திறக்கக்கூடிய கோப்பு, சாவி ஒன்றே உள்ள பெட்டகம் போன்றது. ஒவ்வொரு பாடலின் குரலையும் கருவியிசையையும் தனித்தனி 'வேவ்' கோப்புகளாகவும், சுரக்குறிப்புகளை மிடி கோப்பாகவும் எடுத்து, வேறொரு வன்தட்டில் படி வைத்தல் நன்று. இச்செயலுக்குக் கடன் தேவையில்லை. ஓரிரு மாலைப்பொழுதுகள் போதும்.

பழைய கணினி நன்கு இயங்குமாயின், பணி தொடரட்டும். பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுபோன கணினியை இணையத்தில் இணைக்காதிருப்பதே நலம். வங்கிப் பரிவர்த்தனையை அதில் அறவே தவிர்க்க வேண்டும்.

புதிய மென்பொருள் வாங்குமுன் ஒரு கேள்வி கேட்போம்: நம் பழைய பாடல்களை அது திறக்குமா? சோதனைப் பதிப்பில் திறந்து பார்த்தபின், கடன் விண்ணப்பத்துடன் வாருங்கள், வரவேற்கக் காத்திருக்கிறோம்.